பாங்குக்குப் போய் வந்த வெள்ளி

சுவரில் இருக்கிற எந்த சுவிட்சைக் கழற்றிப் பார்த்தாலும் உள்ளே மிளகு அளவுக்கு ஒரு வெள்ளிப் பொட்டு இருக்கும். விரல் வைத்து அழுத்தினால் அந்தப் பொட்டு எதிரில் இருக்கிற இன்னொரு பொட்டைப் போய்த் தொடும், விளக்கு எரியும். சுவிட்சை அழுத்துகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட அந்த நீளப் பட்டறையில் இருக்கிறவர்கள் பார்க்காத நாள் கிடையாது. தெருவில் அதற்குப் பொட்டுக்காரர் வீடு என்று பேர். அந்த வீட்டம்மாள் பொட்டுக்காரி.

முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை வீடு. புருஷன் அச்சு மெஷினில் நிற்பார். வெள்ளித் தகடு ஒரு பக்கம் உள்ளே போகும், டக்டக்கென்று பொட்டுகள் தட்டில் உதிரும், மறுபக்கம் சல்லடைமாதிரி ஓட்டை ஓட்டையாகத் தகடு வெளியே வரும். உதிர்ந்த பொட்டுகளைப் பெரியம்மா பொறுக்குவாள். சொந்தப் பெரியம்மா இல்லை, பக்கத்துத் தெருக்காரி. ஓரம் பிசிறின பொட்டு, நெளிந்த பொட்டு எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. வாய்க்கும் எதுவும் தப்பாது.

வெள்ளி சுவிட்சுக் கம்பெனியுடையது. பொட்டுகளை நிறுத்து வாங்கிக்கொண்டு, மிச்சத் தகட்டில் ஒரு பங்கைக் கூலியாக விட்டுவிடுவார்கள். கரண்டுக்கும் கடைச் செலவுக்கும் கொஞ்சம் பணம் தனியாக வரும். "சமைச்சவளுக்கு அடிப்பிடிச்சதுதான் கூலி" என்று பெரியம்மா சிரிப்பாள். அந்த அடிப்பிடித்ததைத்தான் பொட்டுக்காரி சேர்த்து வைத்து, மூசையில் போட்டு உருக்கி, உள்ளங்கை நீளக் கட்டியாக ஊற்றுவாள். ஆறினதும் இடது கீழ் மூலையில் உளியை வைத்து ஒரே அடி. நகக்கண் அளவு துணுக்கு தெறிக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம். நல்ல வெள்ளி என்றால் சொட்டு ரத்தமாகச் சிவக்கும். கலப்பு என்றால் சேறாகக் கறுக்கும்.

"நீயே உருக்கி நீயே ஊத்தினது. அதையும் ஏன் வெட்டிப் பாக்கறே?" என்று புருஷன் கேட்பார்.

"ஊத்தினது என் கை. உருகினது என் கை இல்லையே."

ஆனால் ஒருமுறை வெட்டிப் பார்த்ததை மறுபடி வெட்டமாட்டாள். "ஒரு தடவை நம்பியாச்சுன்னா நம்பியாச்சு. திரும்பத் திரும்பக் கேட்டா அது சோதனை இல்ல, சந்தேகம்" என்பாள். உளிக்கு வாயின் நடுவில் பல் விழுந்ததுபோல ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. எப்போதோ தரையில் விழுந்ததில் வந்த குறை. அது வெட்டின இடத்தில் நடுவே மெல்லிய கோடு ஒன்று எழும்பி நிற்கும். சாணை பிடித்துத் தருகிறேன் என்று புருஷன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் உளியைக் கொடுக்கவில்லை.

அப்படி வருஷக்கணக்கில் ஊற்றினதில் மிஞ்சினது ஆறு கட்டி. முதலில் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தன. பூனை குதித்தாலும் எழுந்து உட்காருவாள். பாங்கில் உலோகப் பிரிவில் வேலை பார்த்த அவள் தம்பிதான் ஒருநாள் சொன்னான்: "எதுக்கு அக்கா தூக்கத்தைக் கெடுத்துக்கறே? பாங்குலயே வெள்ளிக் கணக்கு இருக்கு. எடையும் தரமும் பாத்து வாங்கிப்பாங்க. வேணும்னா நாளைக்கே வெள்ளியாவே வாங்கிக்கலாம்." அம்மா போனபின் அவனைப் படிக்க வைத்தது இந்தப் பொட்டுகள்தான். அவன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. அவனும் அவளுமாக ஆளுக்கு மூன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. ஆனால் அன்றிலிருந்து தூங்கினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. புருஷன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

"என்னவாம்?"

"அவங்களுக்கு வெள்ளி கொடுத்துட்டிருந்த பாங்கு கடையைக் கட்டுதாம். இனிமே வெள்ளி யாவாரமே வேணாம்னு சொல்லிட்டாங்களாம். அதனால கம்பெனி கையில வெள்ளி இல்ல. நீங்களே வெள்ளி போட்டுப் பொட்டு அடிச்சுக் குடுங்க, பொருளுக்கும் கூலிக்கும் சேத்துப் பணம் தர்றோம்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துப்பாங்களாம்."

"எவ்ளோ வேணுமாம்?"

"ஆறு கட்டி பிடிக்கும்."

பொட்டுக்காரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "நம்மகிட்ட இருக்கறதும் ஆறுதானே! தர்றோம்னு சொல்லுங்க."

பெரியம்மா தட்டிலிருந்து நிமிரவில்லை. "கொஞ்சம் இரு. கம்பெனிக்கு வெள்ளி குடுத்த பாங்கு எது?"

ஊரில் வெள்ளி வைத்திருந்த பாங்கு ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே அவள் போனுக்கும் செய்தி வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆரம்பித்தது. "அன்புன்னு ஆரம்பிச்சாலே அடி விழப்போகுதுன்னு அர்த்தம்" என்றாள் பெரியம்மா. புருஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். உலோகப் பிரிவு மூடப்படுகிறது. உங்கள் கணக்கில் உள்ள வெள்ளி, போன வாரத்து விலையில் பணமாக உங்கள் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி.

"வரவு வைக்கப்படும்னு இல்ல. வைக்கப்பட்டுவிட்டதுன்னு போட்டிருக்கான்" என்றார்.

"என்னைக் கேக்காமயா?"

"கேக்கலாம்னு நெனச்சிருப்பான். மறந்திருப்பான்."

"நீங்க ஒருத்தர்! வெளையாடற நேரமா இது?"

மழை விட்டபாடில்லை. பட்டறைச் சுவரில் எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூரைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தன. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறும்பு முட்டையைத் தூக்கிட்டு ஏறுதுன்னா பின்னால பெரிய மழை இருக்குன்னு அர்த்தம். பாங்குக்காரனும் முட்டையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான். அவன் போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. முட்டை உன்னுது. அதான் தகராறு."

மறுநாள் பாங்கில் உலோகப் பிரிவின் கண்ணாடித் தடுப்பை இரண்டு பேர் திருகாணி திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த பெரிய படத்தில் ஒரு குடும்பமே கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. அப்பா முகம் மட்டும் பாதி கிழிந்திருந்தது. தம்பி ஒரு மேஜை ஓரத்தில் நின்றிருந்தான். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான்.

மேனேஜர் நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவளுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துகிறவனாக இருந்தால் நாமும் கத்திவிடலாம்.

"பணம் வந்திருச்சுல்லம்மா? ஒரு பைசா குறையாது."

"பணம் வந்திருக்குங்க. நான் பணம் கேக்கல. நான் வெச்சது வெள்ளி. வெள்ளியைக் குடுங்க."

"அம்மா, உங்க கணக்குல இருந்தது வெள்ளியோட மதிப்பு. தனியா இது உங்க கட்டி, அது இன்னொருத்தர் கட்டின்னு எதுவும் கிடையாது. நாங்க உங்களுக்குத் தர வேண்டியது மதிப்பு. அதைக் குடுத்துட்டோம்."

"நான் மதிப்பைக் கொண்டாந்து குடுக்கலைங்க. கட்டியைத் தூக்கிட்டு வந்தேன். ரெண்டு நாள் தோள்பட்டை வலிச்சுது. மதிப்பு வலிக்குமா?"

மேனேஜர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா கணக்கு ஆரம்பிக்கறப்ப இதையெல்லாம் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சட்டப்படி நாங்க செஞ்சதுல தப்பே இல்ல."

"போன வார விலை போட்டிருக்கீங்க. நேத்து விலை என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க கடையை மூடறீங்கன்னு தெரிஞ்சதும் விலை எகிறிப்போச்சு. நீங்க குடுத்த பணத்துல ஆறு கட்டி வாங்க முடியுமா?"

"விலை ஏறும் இறங்கும். இறங்கியிருந்தா நீங்க வந்து கேட்டிருப்பீங்களா, சொல்லுங்க?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கேட்டது சரியான கேள்வி என்பது இன்னும் கடுப்பாக இருந்தது. கேட்டிருப்பேன், எனக்கு வெள்ளிதான் வேண்டும், விலை எனக்கு எதற்கு என்று பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில்தான் தோன்றியது. நல்ல பதில் எல்லாம் ஏன் படி இறங்கின பிறகே வருகிறது என்று தன்மேலேயே கோபம் வந்தது.

தம்பி குடையோடு பின்னாலேயே ஓடி வந்தான். பஸ் நிறுத்தத்துக் கூரைக்கு அடியில் இருவரும் நின்றார்கள். அவன் இரண்டு கோப்பை டீ வாங்கி வந்தான். அவள் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"எதுக்குடா போறாங்க? விலை ஏறுற நேரத்துல எவனாவது யாவாரத்தை விடுவானா?"

"விலை ஏறுறதுதான்க்கா அவங்களுக்குப் பயம். இவ்ளோ வெள்ளி உங்களுக்குன்னு ஊரெல்லாம் கணக்குல எழுதிக் குடுத்திருக்காங்க. உள்ள இருக்கறது அதுல கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாள்ல வந்து எங்க பொருளைக் குடுன்னு நின்னா என்ன பண்ணுவாங்க? அதுக்கு முன்னாடி பணத்தைப் போட்டு வாயை அடைச்சுட்டுக் கெளம்பறாங்க. இங்க மட்டும் இல்ல. பெரிய பெரிய பாங்கெல்லாம் ஒண்ணொண்ணா விலகுதாம்."

"அப்ப பின்னால என்னமோ வரப்போகுது."

"வரலாம். வராமலும் போகலாம். எங்களுக்கே யாரும் சொல்றதில்ல."

"சரி, உள்ள கொஞ்சம் இருந்துச்சுங்கறியே. அதுல என்னோடதும் இருந்திருக்குமில்ல? அது எங்க?"

தம்பி டீயை ஊதினான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா."

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள்.

பணத்தை வைத்துக்கொண்டு அழுதால் பொட்டு விழாது. இரண்டு நாள் கழித்துப் பொட்டுக்காரி தராசுக்காரர் கடைக்குப் போனாள். ஊரில் கட்டி வெள்ளி மொத்தமாகக் கிடைக்கிற ஒரே இடம் அது. தராசுக்காரர் வயிறு மேஜையில் முட்டுகிற மனிதர். மாலை வேளையில்தான் வாயைத் திறந்து பேசுவார், அதுவரை தலையாட்டல்தான். அன்று காலையிலேயே பேசினார். சரக்கு நிறைய இருந்தது என்பது அதிலேயே தெரிந்தது.

"உன் பணத்துக்கு நாலு வரும்மா. அதுவே உனக்காகத்தான். வெளிய கேட்டா மூணுதான்."

"ஆறு கட்டிப் பணம் இது."

"போன வாரம் ஆறு. இந்த வாரம் நாலு. அடுத்த வாரம் கேக்காதே, எனக்கே பயமா இருக்கு."

பையன் யாரையும் கூப்பிடாமல் அவரே எழுந்து உள்ளே போய் நான்கு கட்டிகளைக் கொண்டு வந்து மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். முதல் மூன்று ஏதோ ஆலையில் வார்த்தவை, முத்திரையோடு பளபளவென்று இருந்தன. நாலாவது மங்கலாக, கையால் ஊற்றினது. அவள் அதைப் புரட்டினாள்.

இடது கீழ் மூலை வெட்டியிருந்தது. வெட்டின் நடுவில் மெல்லிய கோடு எழும்பி நின்றது.

கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். ஒருமுறை, இன்னொரு முறை. பெற்ற பிள்ளையின் மச்சத்தைத் தடவுகிறவள்போல என்று பார்த்தவர்கள் சொல்லலாம். அவளுக்கு அப்படி எல்லாம் இல்லை. யாரோ தன் சுருக்குப் பைக்குள் கையை விட்டு எடுத்து, தன் கண்ணுக்கு நேராக நீட்டி, வாங்கிக்கிறியா என்று கேட்டதுபோல இருந்தது. காது மடல் சுட்டது.

"இது எங்க வாங்கினீங்க?"

"பாங்குலதான். காலி பண்றாங்கல்ல? போன வாரம் மொத்தமா எடுத்துக்கச் சொன்னாங்க, எடுத்தேன். ஏன், சரக்கு சந்தேகமா இருக்கா? வேணும்னா வெட்டிப் பாத்துக்கோ."

"வெட்டித்தான் இருக்கு."

"அட ஆமா, எவனோ முன்னாடியே வெட்டியிருக்கான். உன் தம்பிகிட்டக் கேட்டுப் பாரேன். அவன்தானே பெட்டியில அடுக்கிக் குடுத்தான்? கையெல்லாம் கறுத்துப்போச்சுன்னு என் துண்டுலதான் தொடச்சான்."

அவர் தராசில் எடையைச் சரிபார்த்தார். அவள் பணத்தை அனுப்பினாள். தன் வெள்ளியைத் தானே, பாங்கு போட்ட விலைக்கு மேல் விலை கொடுத்து வாங்கினாள். உலகத்தில் எந்தத் திருடனும் இவ்வளவு மரியாதையாகத் திருடியதில்லை. பணம் போட்டு, நன்றி சொல்லி, தண்ணீர் கொடுத்து, கடைசியில் சட்டப்படி தப்பே இல்லை என்றும் சொல்லி!

பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். "தராசுக்காரர் கடையில இருக்கேன். நாலு கட்டி இருக்கு. தூக்கணும், வா."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டான். வழியெல்லாம் மழைத் தண்ணீர். அவன் முன்னால், அவள் பின்னால். இரண்டு இடத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். அவள் "பாத்துப் போ, வழுக்கும்" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறையில் புருஷன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "வா மாப்ளே. பாங்குல வேலை இல்லன்னு இங்க சுமை தூக்க வந்துட்டியா?" என்றார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"நாலுதான் கெடச்சுது" என்றாள் அவள்.

"கம்பெனிக்காரன்கிட்டப் பேசிட்டேன். நாலுக்கு எவ்ளோ வருதோ அவ்ளோ குடுங்கறான். மிச்சத்தை வேற பட்டறைக்குக் குடுத்துட்டானாம். அடுத்த மாசம் என்னன்னு கேட்டேன். பாக்கலாம்கறான்."

"வாய்க்குள்ள போன கவளம் பாதி வெளிய வந்தாச்சு" என்றாள் பெரியம்மா.

பொட்டுக்காரி கட்டிகளை எடுத்து இரும்புப் பலகைமேல் வரிசையாக வைத்தாள். மங்கலானதைக் கடைசியில் வைத்தாள், வெட்டின மூலை தம்பி பக்கம் தெரிகிறமாதிரி. புருஷன் குனிந்து பார்த்தார். "இது நம்ம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நீ இதைப் பாத்தியா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அவன் பொய் சொல்லப் போனான் என்பது தெரிந்தது. வாய் திறந்தது. பிறகு தோள் தளர்ந்தது. "பாத்தேன்க்கா."

"எப்போ?"

"அடுக்கும்போது. கையில எடுத்ததுமே தெரிஞ்சுது, உளிப் பல்லு. கையிலயே வெச்சுக்கிட்டு நின்னேன். நேரமாச்சுன்னு மேனேஜர் சொன்னாரு."

"அப்புறம்?"

"பெட்டியில வெச்சுட்டேன்."

"எப்படி வெச்சே? வெட்டின மூலை மேல தெரியற மாதிரி வெச்சியா, அடியில போற மாதிரி வெச்சியா?"

கூரையில் மழை இரைந்தது. பெரியம்மாவின் விரல்கள் தட்டில் அப்படியே நின்றன.

"அடியில" என்றான்.

புருஷன்தான் இடையில் புகுந்தார். "விடும்மா. அவன் ஒருத்தன் என்ன பண்ணுவான்? அவனும் சம்பளத்துக்கு நிக்கறவன்தானே?"

"நான் என்ன பண்ண முடியும்க்கா?" என்றான் தம்பி. "வெளிய சொன்னா வேலை போயிரும்னாங்க. வாயை மூடிட்டு இருந்தா வேற கிளைக்கு மாத்தறோம்னாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தும் உன்கிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா நீ போய் உன் வெள்ளியைக் கேட்டிருப்பே. உன்னைப் பாத்து நாலு பேர் கேட்டிருப்பாங்க. யார் சொன்னதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருக்கும்."

"ஆமா, கேட்டிருப்பேன். ஆறையும் வாங்கியிருப்பேன்" என்றாள். கத்தவில்லை. "பாங்குக்காரன் யாரோ. அவன் ஏமாத்தினா வயிறு எரியும், திட்டிட்டு வேலையைப் பாக்கலாம். நீ மூலையைத் திருப்பி வெச்சியே, அதை நான் யார்கிட்டச் சொல்லித் திட்டறது?"

அவன் காலிப் பையை மடித்துப் பலகை ஓரத்தில் வைத்தான்.

அவள் உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். ஆலைக் கட்டிகள் மூன்றிலும் மூலையில் அடித்தாள். துணுக்குகளை வரிசையாக வைத்துச் சொட்டு விட்டாள். மூன்றும் சிவந்தன. பிறகு நாலாவதைத் தன் பக்கம் இழுத்தாள். அதைத் திருப்பினாள். இதுவரை உளி படாத வலது மேல் மூலையில் உளியை வைத்தாள்.

"ஏய், அது நம்மளுது" என்றார் புருஷன். "வெட்டிப் பாத்தாச்சு அது. ஒரு தடவை நம்பியாச்சுன்னா நம்பியாச்சுன்னு நீதானே சொல்லுவே?"

"அது வீட்டுல இருந்த வெள்ளிக்கு. இது பாங்குக்குப் போய் வந்த வெள்ளி."

அடித்தாள். துணுக்கு தெறித்துத் தம்பியின் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். அவள் அதை எடுத்துப் பலகையில் வைத்துச் சொட்டு விட்டாள். நான்கு பேரும் பார்த்தார்கள். சொட்டு ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு ரத்தமாகச் சிவந்தது.

"நல்ல வெள்ளிதான்க்கா" என்றான் தம்பி. அவனுக்கு ஏதோ உயிர் வந்ததுபோல இருந்தது.

"வெள்ளிக்கு என்ன? அது எங்க போனாலும் வெள்ளியாத்தான் திரும்பி வருது."

புருஷன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியம்மா தட்டைக் குலுக்கினாள், தேவையே இல்லாமல். தகட்டுக்காக வெள்ளியை உருக்கப் பொட்டுக்காரி அடுப்பைப் பற்றவைத்தாள். மூசை சிவக்கத் தொடங்கியதும் இடுக்கியால் முதல் கட்டியாக அந்த நாலாவதையே எடுத்தாள். இரண்டு மூலையும் வெட்டுப்பட்டு, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் மறைக்க முடியாதபடி இருந்தது.

தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தான். சின்ன வயதில் இந்த அடுப்புக்குக் காற்றுத் துருத்தி அடித்தவன் அவன்தான். "நான் பிடிச்சுக்கட்டுமாக்கா?"

"வேணாம்" என்றாள், மூசையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "உள்ள சோறு இருக்கு. சாப்பிட்டுக் கெளம்பு. உனக்கு நேரமாச்சு."